காட்டாம்பள்ளி முதல் கும்பகோணம் வரை

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே, மல்லாட்டைக் கொல்லைகளும் ஏரிக்கரைப் பனைகளும் மாறிமாறி வரும் நாட்டுப்புறத்தில், மேல்சித்தாமூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. நயினார் என்று ஊரார் மரியாதையோடு அழைக்கும் தமிழ்ச் சமணர்களுக்கு இதுவே தலைமைப் பீடம். ஜினகாஞ்சி மடம் என்று வழங்கும் இம்மடத்தின் அதிபதியாக யார் வந்தாலும் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயரைத் தாங்கியே வருகிறார். பார்சுவநாதர் கோயிலின் கோபுரம் வழிப்போக்கர் கண்ணில் முதலில் படுவது உண்மையாயினும், இவ்வூரின் பழமையை அறிய விரும்புகிறவர் மலைநாதர் கோயிலுக்குள்ளே போகவேண்டும். அங்கே ஒரு பாறையின் முகத்தையே செதுக்கிப் பாகுபலியையும் பார்சுவநாதரையும் தருமதேவியையும் நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுச் சிற்பிகளின் கைத்திறம் அது. எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தக் கல்லருகே நின்று, பழைய கல்வெட்டு இவ்விடத்துக்குக் காட்டாம்பள்ளி என்று பெயர் சொல்வதை நினைக்கும்போது, பள்ளி என்ற சொல்லே என் சித்தத்தைப் பற்றிக்கொள்கிறது.

இன்று பள்ளி என்றால் சிறுவர் படிக்குமிடம் என்பது ஒன்றே நமக்குத் தோன்றுகிறது. காட்டாம்பள்ளி எழுந்த காலத்திலோ அது முனிவர்கள் கூடி வாழும் உறைவிடத்தின் பெயர். அவர்கள் ஓதினார்கள், ஓதுவித்தார்கள். ஊர்ப் பிள்ளைகளும் அங்கே போய் எழுத்தறிந்தார்கள். அந்த உறவினால்தான் துறவிகளின் உறைவிடத்துப் பெயர் கல்விக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது என்று அறிஞர்கள் சொல்வது பொருத்தமாகவே இருக்கிறது. ஆகவே, பள்ளி என்பது பிள்ளைகளின் இடமாவதற்கு முன்னே கற்பிக்கிறவர்களின் இடமாக இருந்தது. கற்றவர் பலர் ஒரு கூரையின்கீழ் மனம் வேறுபடாமல் வாழ்வது எப்படி என்ற கேள்வி, பாடம் சொல்வது எப்படி என்ற கேள்விக்கும் மூத்தது. தலைமையாசிரியர் தம் கீழுள்ளவர்களிடம் எப்படிப் பழகுகிறார், அந்தப் பழக்கத்தினால் ஆசிரியர்களுக்குத் தொழிலில் ஊக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று இக்காலத்தில் ஆராய்கிறார்கள். அந்த விஷயத்தின் வேரைத் தேடுகிறவர் இந்தப் பாறையடியிலிருந்து தொடங்குவது தகும்.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று என்றொரு குன்று. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கிய பாறை அங்கே இருக்கிறது. அதே குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்பவரின் நினைவாக ஒரு கல்வெட்டும் உண்டு. தமிழெழுத்தின் வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் போற்றும் மிகப் பழைய சாசனம் அது. அதில் அப்பெரியவர் ஆசிரிகர் என்று குறிக்கப்படுகிறார். நாம் இன்று வாய்க்கு வாய் சொல்லும் ஆசிரியர் என்ற சொல்லின் பழைய வடிவம், இந்த வட்டாரத்துக் கல்லிலேயே கிடக்கிறது. இன்னும் தெற்கே திருப்பாதிரிப்புலியூரில், பாடலிபுரம் என்று அந்நாளில் வழங்கிய இடத்தில், பெரும்பள்ளி ஒன்று இருந்தது. சர்வநந்தி என்ற முனிவர் உலோகவிபாகம் என்னும் நூலை 458-ஆம் ஆண்டில் அங்கே முடித்தார். பின்னாளில் திருநாவுக்கரசராக விளங்கியவர் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பூண்டிருந்ததாகப் பெரிய புராணம் சொல்வதும் அந்தப் பாடலிபுரத்துப் பள்ளியைத்தான்.

இப்படிக் கூடி வாழ்ந்தவர்களிடையே பிணக்கும் இருந்தது. வந்தவாசிப் பக்கத்து விடால் என்னும் ஊரிலுள்ள சோழர் காலத்துக் கல்வெட்டு, குணகீர்த்தி பட்டாரகரின் வழிவந்த கனகவீரக் குரத்தியார் என்ற தவப்பெண்ணைச் சொல்கிறது. குரத்தி என்றால் பெண்குரு. ஐந்நூற்றுவர் ஒருபுறமும் நானூற்றுவர் ஒருபுறமுமாக அங்கே மனஸ்தாபம் மூண்டபோது, குரத்தியாரையும் அவரைச் சார்ந்தவர்களையும் தாங்களே காத்துச் சோறிடுவதாக ஊரார் பொறுப்பேற்றார்கள். பிணக்கின் காரணம் எதுவாயினும் ஆகுக. அறிவுடையவர்கள் பலராகக் கூடிய இடத்தில் ஒற்றுமை தானாக விளைவதில்லை என்பதையும், அது கெட்டபோது சோறும் காவலும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது என்பதையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் கல்லில் வெட்டி வைத்திருப்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழச் செய்கிறது.

நம் இலக்கணங்களில் இதற்கு வழி சொல்லியிருக்கிறதா என்று தேடினேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். அவர் தம் நூலின் பாயிரத்தில் நல்லாசிரியன் யார், ஆசிரியன் ஆகத்தகாதவன் யார், பாடம் சொல்லும் முறை என்ன, கேட்கும் முறை என்ன என்பதையெல்லாம் நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை காட்டி வகுத்துவிட்டார். ஆனால் ஆசிரியர்களுக்கு ஒரு தலைவன் இருந்தால் அவன் எப்படியிருக்கவேண்டும் என்பது அங்கே இல்லை. ஆசிரியன் ஒருவன், அவன்முன் மாணாக்கர் சிலர் என்ற அமைப்பே அவர் வகுத்த இலக்கணத்தில் இருப்பதால் அந்தக் குறையை அவர்மேல் ஏற்றுவது முறையாகாது.

இலக்கணத்தில் இல்லாதது அவருடைய சமயத்தில் இருந்தது. மேல்சித்தாமூர்க் கோயிலில் வழிபடும் ஒவ்வொரு நயினாரும் பஞ்ச பரமேஷ்டிகள் என்று ஐவரை வணங்குகிறார்: அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள். பாடம் ஓதுவிப்பவர் உபாத்தியாயர். நம் வாத்தியார் என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. சங்கத்தை நடத்துகிறவர் ஆசாரியர். இவ்விரண்டும் வெவ்வேறு நிலைகள். உபாத்தியாயருக்கு 25 குணங்களும் ஆசாரியருக்கு 36 குணங்களும் எண்ணப்பட்டிருக்கின்றன. நன்றாகக் கற்பிப்பவரெல்லாம் நன்றாகத் தலைமை தாங்குவார் என்று அவர்கள் நினைக்கவில்லை. சிவாரியர் இயற்றிய பகவதி ஆராதனை என்ற பழைய பிராகிருத நூல், இறுதி நோன்பு ஏற்பவருக்குத் துணைநிற்கும் ஆசாரியரிடம் இருக்கவேண்டிய இயல்புகளைச் சொல்கிறது. அவர் ஒழுக்கமுடையவராகவும் சாத்திரத்தில் நிலைத்தவராகவும் இருந்தால் மட்டும் போதாது. தன் குற்றத்தைச் சொல்லக் கூசி நிற்பவனை இதமாகப் பேசிச் சொல்லவைக்கத் தெரிந்தவராகவும், கலங்கியவனை அமைதிப்படுத்தத் தெரிந்தவராகவும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம்மிடம் தனிமையில் சொல்லப்பட்ட குற்றத்தைப் பிறர் செவியில் கசியவிடாதவராகவும் இருக்கவேண்டும். இந்தக் கடைசிக் குணத்துக்கு அபரிஸ்ராவி என்றே ஒரு பெயர் இட்டிருக்கிறார்கள். அலுவலறையில் கண்ணீர் விட்டவரின் கதை மறுநாள் பள்ளி முழுவதும் தெரிந்திருக்கக் கண்ட எவருக்கும் அந்தச் சொல்லின் அருமை விளங்கும்.

பள்ளிகளின் காலம் மெல்லத் தேய்ந்தது. அவற்றின் பெயரை ஏற்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வாத்தியார். அவருக்கு உதவியாக மூத்த மாணாக்கருள் ஒருவன் சட்டாம்பிள்ளை. மணலில் எழுதும் சிறுவர்களை மேய்க்கும் அந்த ஏற்பாட்டைச் சென்னையில் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார் அதையே தம் நாட்டுக்குக் கொண்டுபோய் மதராஸ் முறை என்று பரப்பினார். 1826-இல் சர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பின்படி சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன. வாத்தியாரின் வருவாய் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் போவது அரிது என்றும் அவர் வருந்துகிறார். அந்த வாத்தியாருக்கு ஊரே எஜமானன். அவருக்கு மேலே ஒரு வாத்தியார் கிடையாது. தலைமையாசிரியர் என்ற உத்தியோகம் நம் மண்ணில் அப்போது பிறக்கவேயில்லை.

அது பிறந்தது ஆங்கில ஆட்சியின் கல்வி இலாகாவோடு. 1854-ஆம் ஆண்டின் உட் சாசனத்துக்குப் பின் வகுப்புக்கொரு ஆசிரியர், அவர்களுக்கு மேலே ஹெட்மாஸ்டர், அவருக்கும் மேலே இன்ஸ்பெக்டர் என்று ஏணி கட்டினார்கள். பிள்ளைகள் பரீட்சையில் தேறும் கணக்குப்படி மானியம் என்ற வழக்கம் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் நடைமுறைக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஒரு பிள்ளை தடுமாறினால் பள்ளியின் வருமானம் குறையும். ஆகவே ஹெட்மாஸ்டர் தம் சக ஆசிரியரை மாணவனின் மதிப்பெண் வழியாகவே பார்க்கப் பழகினார். கர்சன் பிரபுவின் 1904-ஆம் ஆண்டுத் தீர்மானம் அந்த மானிய முறையைக் கைவிடச் சொன்னது; ஆனால் அது ஊட்டிய பார்வை அவ்வளவு எளிதில் போய்விடவில்லை. பின்பு தாலுகா போர்டு, ஜில்லா போர்டு என்று நிர்வாகம் கைமாறியபோது, வேண்டாதவரை எட்டாத ஊருக்கு மாற்றுவது என்ற ஆயுதமும் சேர்ந்துகொண்டது. பதவி வந்துவிட்டது, பதவிக்குரிய ஆசாரியத்துவம் வரவில்லை.

எல்லா இடத்திலும் வராமலிருந்ததா என்றால், அப்படிச் சொல்வது அநியாயம். கும்பகோணத்தை எடுத்துக்கொள்வோம், சித்தாமூர் வட்டாரத்துக்கும் அதற்கும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய சம்பந்தம் உண்டு.

அங்கிருந்த அரசாங்கக் கல்லூரியில் நெடுங்காலம் பிரின்ஸிபாலாக இருந்தவர் வில்லியம் போர்ட்டர். அவருக்குத் துணையாக இருந்து, பின்பு அவருடைய ஸ்தானத்துக்கே வந்தவர் கோபால ராவ். ஒருவர் வெள்ளையர், மற்றவர் இந்நாட்டவர். ஆள்கிறவர், ஆளப்படுகிறவர் என்ற பேதம் எங்கும் நிறைந்திருந்த அந்நாளில், இவ்விருவரும் ஒருவரையொருவர் மதித்து நடத்திய கல்லூரியைத் தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று ஜனங்கள் பாராட்டினார்கள். போர்ட்டர் பெயரால் ஒரு நகர மண்டபமும் கோபால ராவ் பெயரால் ஒரு நூல்நிலையமும் அவ்வூரில் நிற்கின்றன. தமிழ்ப் பண்டிதர் என்றால் சம்பளத்திலும் மதிப்பிலும் கடைசிப் படியில் வைக்கப்பட்டிருந்த அந்தக் காலத்தில், அக்கல்லூரியில் தமிழ் சொல்லியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரான தியாகராச செட்டியார். கண்டிப்பும் தன்மானமும் மிக்கவர். பிறர் மனம் கோணுமே என்று தம் கருத்தை மறைக்கத் தெரியாதவர். இப்படிப்பட்டவரை வைத்து வேலை வாங்குவது எளிதென்று நினைக்கிறவர் எந்த ஸ்தாபனத்தையும் நடத்திப் பாராதவராக இருக்கவேண்டும். அவரைத் திருத்த முயலாமல், அவருடைய அருமையை அறிந்து, அவர் போக்கிலேயே கௌரவமாக இருக்கவிட்டதுதான் அந்தத் தலைவர்கள் செய்த பெரிய காரியம் என்று நான் கருதுகிறேன்.

1880-இல் செட்டியார் ஓய்வுபெற விரும்பியபோது, தம் இடத்துக்குத் திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்த இருபத்தைந்து வயது இளைஞரான சாமிநாதையரைச் சொன்னார். கோபால ராவ் அந்தச் சொல்லை ஏற்றார்; ஏற்றும், புதியவரை ஆசிரியர்களின் முன்னிலையிலேயே பரீட்சிக்கச் செய்த பின்னரே ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் நியமித்தார். விலகிப் போகிறவரின் வாக்குக்கு மதிப்பு. வருகிறவருக்கோ, இவர் சிபாரிசால் வந்தவர் என்று பின்னால் யாரும் முணுமுணுக்க முடியாதபடி ஒரு பாதுகாப்பு. முதல் நாள் வகுப்புக்குச் செட்டியாரும் உடன்வந்து அமர்ந்திருந்தார். தம் நாற்காலியை விட்டுக் கொடுப்பவர், அதில் வேறொருவர் இருந்து பாடம் சொல்வதைப் பக்கத்திலிருந்து கேட்டு மகிழ்வது என்பது, பொறாமைக்குச் சிறிதும் இடங்கொடாத சூழலில்தான் நடக்கும்.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்ததும், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் கேட்ட கேள்வி தமிழின் போக்கையே மாற்றியதும் பலரும் அறிந்தவை. ஏடு கிடைத்தது, பொருள் விளங்கவில்லை. சமண சமயத்துச் சொற்கள் வழிமறித்தன. அப்போது கும்பகோணத்திலேயே சமணர்கள் இருப்பதறிந்து சந்திரநாத செட்டியார் இல்லத்துக்குப் போனவர், அங்கே ஆறு மாதமாகச் சிந்தாமணி படித்து அன்றைக்குத்தான் நிறைவு செய்திருந்ததைக் கண்டார். பாடம் சொன்ன பெரியவர் வீடூர் அப்பாசாமி நயினார். வீடூர் நம் சித்தாமூர் வட்டாரத்து ஊர். சங்கராபரணி ஆற்றின்மேல் இப்போது அணை நிற்கும் அதே வீடூர். பள்ளிகள் அழிந்த பின்னும் நயினார் வீடுகளில் அணையாமலிருந்த ஓதுவிக்கும் மரபு, கல்லூரிப் பண்டிதரின் மேசைவரை இப்படி வந்து சேர்ந்தது. பகலில் வகுப்பு, மாலையில் ஏடு, விடுமுறையில் சென்னை அச்சுக்கூடம் என்று ஏழாண்டு உழைத்து 1887-இல் சீவக சிந்தாமணியை அவர் வெளியிட்டார். அந்த உழைப்பு முழுவதும் அவருடையதே. ஆனால், காலையில் கல்லூரிக்குள் நுழையும்போது அவமானப்படுவோமோ என்று அஞ்சுகிறவனுக்கு மாலையில் ஏட்டை அவிழ்க்க மனம் எழுமா என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

அமெரிக்க அறிஞர் வில்லியம் கான் 1990-இல் எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான்: ஒருவர் தம் வேலையில் முழு மனத்தோடு ஈடுபட, அந்த வேலைக்கு அர்த்தம் இருக்கவேண்டும், தம்மைத் தாமாகவே காட்டிக்கொண்டால் தீங்கு வராது என்ற தைரியம் இருக்கவேண்டும், உடலிலும் உள்ளத்திலும் மிச்சம் வலு இருக்கவேண்டும். சிக்காகோ நகரத்துப் பள்ளிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த பிரைக், ஷ்னைடர் இருவரும் 2002-இல் வெளியிட்ட நூலில், பெரியவர்களிடையே நம்பிக்கை ஊன்றிய பள்ளிகளே முன்னேறின என்று காட்டினார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் செவிகொடுத்துக் கேட்பதும், உத்தியோகக் கடமைக்கு அப்பாலும் அவர்மேல் அக்கறை காட்டுவதும் அந்த நம்பிக்கையின் கூறுகளாம்.

சாமிநாதையர் கும்பகோணத்தில் வேலை ஏற்ற அதே 1880-இல், தமிழ்ச் சமணக் குடி ஒன்றில் அ. சக்கரவர்த்தி நயினார் பிறந்தார். தத்துவப் பேராசிரியராக விளங்கி, சாமிநாதையர் பாடம் சொன்ன அதே கும்பகோணம் கல்லூரிக்கு அவர் பிரின்ஸிபாலாக வந்ததும், 1936-இல் நீலகேசி என்னும் சமண நூலைப் பழைய உரையோடு பதிப்பித்ததும், ஏதோ ஒரு கடன் தீர்க்கப்பட்டதுபோல எனக்குத் தோன்றும்.

பெரிய கல்லூரிகளில் இப்படி நடந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளி எப்படியிருந்தது? 1954-இல் காமராஜர் ஆட்சியில் கல்வி இயக்குநரான நெ. து. சுந்தரவடிவேலு, அதட்டிக் கணக்குக் கேட்கும் இலாகா என்ற பெயரை மாற்ற மனப்பூர்வமாக முயன்றார். மானியப் பள்ளி ஆசிரியருக்கும் சேமநிதி, ஓய்வூதியம், காப்பீடு மூன்றும் 1955-இல் கிடைத்தன. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கூடிப் பலகையும் பெஞ்சும் மணியும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேலதிகாரி தங்கள் ஊருக்கு வந்து, ஆசிரியரை ஊரார் நடுவே மரியாதையோடு பேர் சொல்லிப் பாராட்டுகிறார் என்பது அதுவரை காணாத காட்சி.

என் தகப்பனார் அந்தக் காலத்தில் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு போர்டு பள்ளியில் உதவி ஆசிரியர். அடுத்தடுத்து இரண்டு ஹெட்மாஸ்டர்களின்கீழ் அவர் வேலை பார்த்தார். முதலாமவர் நேர்மையானவர், கைசுத்தமானவர். ஆனால் வருகைப் பதிவேட்டைத் தம் மேசைமேல் திறந்து வைத்து, மணியடித்ததும் வராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு இழுத்து, வந்தவரை எல்லோர் முன்னாலும் அந்தக் கோட்டைப் படித்துக் காட்டச் செய்வார். அந்த மூன்று வருஷமும் அப்பா ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. ஒரு நாள்கூட மணியடித்த பிறகு நின்று பாடம் சொன்னதுமில்லை.

இரண்டாமவர் வந்த வருஷம், ஐப்பசி அடைமழையில் என் பாட்டி படுக்கையில் விழுந்தார். வைத்தியரை அழைத்துவரப் போன அப்பா, நனைந்த வேட்டியோடு பத்தரை மணிக்குப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவருடைய மூன்றாம் வகுப்பில் ஹெட்மாஸ்டரே நின்றுகொண்டு பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் ஏழெட்டு ஐம்பத்தாறு வரை முடித்துவிட்டுச் சாக்குக்கட்டியை அவர் கையில் கொடுத்துப் போய்விட்டார். பதிவேட்டில் கோடு இல்லை. சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு, வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, "அம்மா எப்படி இருக்காங்க, ஐயா? ராத்திரிக்குத் துணைக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம், அந்த ஐயா என்ற சொல்லிடம் வந்ததும் சற்று நிறுத்துவார். அதற்கு மறுவாரத்திலிருந்துதான், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளை மாலையில் நிறுத்தி, எங்கள் வீட்டு அரிக்கேன் விளக்கையும் பள்ளிக்கு எடுத்துப்போய், அவர் பாடம் சொல்லத் தொடங்கினார்.